கொப்பளிக்கத் தடை

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீடு 1930களில் கட்டப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குளியலறை போதும் என்று கட்டினவர் தீர்மானித்திருக்கிறார். பின்னாளில் மூன்று தலைமுறை சேர்ந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் அங்கே வந்து குடியேறும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே காலை ஏழு மணிக்கு எங்கள் படிக்கட்டில் ஒரு வரிசை நிற்கும். உள்ளே போனவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: பல்லுத் தீட்டுகிறார்.

கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டைப் பார்த்தால், இந்த வீட்டில் யாரோ மணிக்கூடு திருத்துகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். மின்சாரத்தில் சுழலும் பிரஷ்கள் ஆளுக்கொரு நிற வளையத்தோடு நிற்கின்றன. மருமகளின் பிரஷ் அவளுடைய கைபேசியோடு பேசிக்கொள்கிறது. எந்தப் பல்லைத் தவறவிட்டாள் என்று படம் போட்டுக் காட்டுகிறது. பேரனுடையது இரண்டு நிமிடம் முடிந்தால் அதிர்ந்து சொல்லும். அவன் அதற்கு முன்பே ஓடிவிடுவான், அது வேறு கதை. பல்லிடுக்குக்கென்று தனிப் பிரஷ்கள் உண்டு. சுவீடனில் மால்மோ நகரத்து டெப்பே கம்பனி செய்பவை. இளஞ்சிவப்பு 0.4 மில்லிமீற்றர், செம்மஞ்சள் 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8. மகன் சிவப்பு, மனைவி நீலம், நான் பச்சை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்துவருகிற பதவி உயர்வு இது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் வீட்டில் இதற்கென்று தட்டு இருக்கவில்லை. ஒரு பால்மா ரின் இருந்தது. அதற்குள் உமிக்கரி. உமியைக் குவித்துத் தணலில் மெல்லக் கருக்கி, ஆறவிட்டு, உப்புச் சேர்த்து இடித்து, அரித்து வைப்பது அம்மாவின் வேலை. சுட்டுவிரல்தான் பிரஷ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லி யாரும் அறிவுறுத்தவில்லை. கொஞ்சம் கையில் காசு புழங்கினால் ரோஸ் நிறக் கோபால் பற்பொடி வரும். இலங்கை வானொலி அதை ஊர் ஊராக அறிமுகம் செய்திருந்தது. நாங்கள் அதில் பாதியைப் பல்லுக்கும் பாதியை நாக்குக்கும் கொடுத்தோம், இனிப்பாக இருக்கும். பிறகு பிரஷும் சிக்னல் பேஸ்டும் வந்தன. ஒரு பிரஷ் வாங்கினால் அதன் தும்பெல்லாம் நாலு பக்கமும் சாய்ந்து படுக்கும்வரை வாய்க்குள் சேவகம் செய்து, அதன்பின் அப்பாவின் சைக்கிள் செயினுக்கு மாற்றலாகிப் போகும்.

அப்பப்பா மட்டும் வேப்பங்குச்சியிலிருந்து இறங்கவேயில்லை. விடியக் காலையில் ஒரு குச்சியை ஒடித்து வாயில் வைத்தாரென்றால் தோட்டத்தைச் சுற்றி வருவார். புகையிலைக் கன்றுகளைப் பார்ப்பார், கதியால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து வழக்கு விபரங்களை விசாரிப்பார், துலாக்கயிறு இற்றுப்போனதைக் கண்டுபிடிப்பார். குச்சி மென்றபடியே இருக்கும். ஒரு மணித்தியாலம் போன பின் பல்லும் சுத்தமாகியிருக்கும், ஊர்ச் செய்தியும் முடிந்திருக்கும். எங்கள் மருமகளின் கைபேசி இன்னும் வழக்கு விபரம் சொல்லும் அளவுக்கு வளரவில்லை.

கடைசியில் நாக்கு வழிப்பது. தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவே பிளந்து, வில்லாக வளைத்து, அடிநாக்கிலிருந்து இழுப்பார். அப்போது எழும் சத்தத்தில் வேப்பமரத்துக் காகங்கள் இடம் மாறும். அதைத் தொடர்ந்து அடுத்த வளவு, அதற்கடுத்த வளவு என்று ஊரே காறும். யார் எழும்பிவிட்டார், யாருக்குச் சளி, யார் நேற்றிரவு கள்ளுக் கொட்டிலில் அதிகம் தங்கிவிட்டார் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். இங்கே வந்த புதிதில் நானும் அதே பக்தியோடுதான் நாக்கு வழித்தேன். ஒட்டு வீடு, நடுவில் ஒரு சுவர். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் யாருக்காவது அம்புலன்ஸ் கூப்பிட வேண்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் நாக்கு ஓசையின்றி வழிக்கப்படுகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சாகும்வரை ஒரு பல்லும் அசையவில்லை என்று எங்கள் சனம் கலியாண மண்டபங்களில் சத்தியம் செய்யும்போதெல்லாம், நான் அம்மம்மாவின் பாக்குரலை நினைத்துக்கொள்வேன். பல் இருக்கிறவருக்கு எதற்குப் பாக்குரல்? அப்பப்பாவுக்கும் கடைவாய்ப் பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை. முருங்கைக்காயை முன்பல்லால் உருவித்தான் தின்பார். உமியில் சிலிக்கா நிறைய உண்டு, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். அதை விரலால் அழுத்தித் தேய்த்தால் பல் பளிச்சென்று மினுங்கும். மினுங்குவது தேய்வதால்தான். மிளிரி தேய்ந்துபோனால் திரும்ப முளைக்காது. அப்பாவின் பற்களில் முரசோரமாக ஒரு வரி பள்ளம் விழுந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுவார்.

இப்போது லண்டன் கடைகளில் கரிப் பேஸ்ட் கறுப்புக் குழாயில் வருகிறது. அதைப் பற்றி எங்கள் ஆட்கள் பெருமையாக வாட்ஸப்பில் அனுப்பாத நாளில்லை. 2019-இல் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று, இந்தக் கரிப் பேஸ்ட்களால் விளம்பரம் சொல்கிற நன்மை கிடையாது, பலவற்றில் ஃபுளோரைட்டும் இல்லை என்று எழுதியது. அதை ஒருவரும் அனுப்பவில்லை.

இங்கிலாந்துக்காரரும் கரியில் தொடங்கியவர்கள்தான். வில்லியம் அடிஸ் என்ற லண்டன்காரர் 18ஆம் நூற்றாண்டில் கலவரம் ஒன்றில் மாட்டிச் சிறைக்குப் போனாராம். அங்கே எல்லோரும் கந்தைத் துணியில் புகைக்கரியும் உப்பும் தொட்டுப் பல்லுத் துடைப்பதைக் கண்டு வெறுத்து, சாப்பிட்டு மிஞ்சின எலும்பில் துளைபோட்டு மயிர்க்கற்றைகளைச் சொருகினார் என்று சொல்வார்கள். 1780-இல் அதையே தொழிலாக ஆரம்பித்தார். அவருடைய கம்பனிதான் பின்னர் விஸ்டம் என்ற பெயரில் பிரஷ் விற்றது. பன்றி மயிருக்கு 1938-இல் அமெரிக்காவின் டூபோன் கம்பனியின் நைலான் முடிவு கட்டத் தொடங்கியது. அந்த வருடம்தான் ரெய்னர்ஸ் லேன் ஸ்ரேசனுக்கும் இப்போதிருக்கிற கட்டிடம் எழும்பியது. அதிலிருந்து இறங்கி அலெக்சாண்ட்ரா அவெனியூவில் நடந்தால் 1936-இல் திறந்த பழைய குரோவ்னர் சினிமாக் கொட்டகை வரும். இன்று அது சொராஸ்திரியர்களின் நிலையம். முகப்பில் யானைத் தும்பிக்கை போல ஒரு கொங்கிறீட் வளைவு இறங்குகிறது. தந்தம் மட்டும் இல்லை.

தந்தம் இல்லாத யானை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1968-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் கணக்கெடுத்தபோது, வளர்ந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இருக்கவில்லை. கலியாணத்துக்கு முன் பெண்ணின் பற்களையெல்லாம் பிடுங்கி, பொய்ப்பல் கட்டிக் கொடுப்பது நல்ல சீதனம் என்று நினைத்த குடும்பங்களும் இருந்திருக்கின்றன. புருசனுக்கு இனிமேல் பல் வைத்தியச் செலவு வராதல்லவா? நாங்கள் வீடு, வளவு, நகை என்று அலைந்துகொண்டிருந்தோம்.

இனி, இந்தக் கட்டுரைக்குத் தலைப்புத் தந்த வில்லங்கம்.

அளவெட்டியில் பல்லுத் தீட்டுவது என்பதில் தீட்டுவது கால்வாசி, கொப்பளிப்பது முக்கால்வாசி. கிணற்றடியில் வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி, கன்னம் புடைக்க நிறைத்து, அண்ணாந்து கடகடவென்று உருட்டி, வாழைக்குப் போகும் வாய்க்காலில் பீச்ச வேண்டும். போதுமென்று அம்மா சொல்லும்வரை. ஏனென்றால் அது இரவு முழுதும் வாயில் ஊறின எச்சில். அது போகாமல் தேத்தண்ணி கிடையாது, குடத்தைத் தொடக்கூடாது, பூப்பறிக்கக்கூடாது, பெரியவர்களின் முகத்துக்கு நேரே நின்று கதைக்கவும் கூடாது. பல் சூத்தையாவது பற்றி அம்மாவுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பால்பல் சூத்தையானால் விழுந்து முளைக்கும். பெரிய பல் சூத்தையானால் கராம்பு. அதற்கும் கேட்காவிட்டால் குறடு. ஆனால் கொப்பளிக்காத வாயோடு ஒருத்தன் குசினிக்குள் கால் வைத்தால் அது குடும்ப மானம்.

இங்கே பல் சுகாதாரம் பார்க்கிற பெண், என் மருமகள் வயது, கதிரையில் என்னைச் சாய்த்து வைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: நன்றாகத் துப்புங்கள், ஆனால் கொப்பளிக்காதீர்கள். அரசின் மருத்துவ சேவையான என்.எச்.எஸ் தருகிற அறிவுரையும் அதுவே. காரணம் எளியது. பேஸ்டில் உள்ள ஃபுளோரைட்தான் பல்லுக்குக் காவல். வளர்ந்தவர்களுக்கு 1,350 முதல் 1,500 பி.பி.எம் வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். தீட்டி முடித்ததும் தண்ணீர் விட்டு உருட்டினால் காவல்காரனையும் சேர்த்து வெளியே துரத்திவிடுகிறோம். வாய்கழுவும் மருந்துத் தண்ணீர்கூடத் தீட்டின கையோடு வேண்டாம். அதில் ஃபுளோரைட் பேஸ்டிலும் குறைவு, வேறு நேரம் பார்த்துப் பாவிக்கலாம்.

எனக்கு அறிவியல் விளங்கியது. வாய்க்குத்தான் விளங்கவில்லை. அறுபது வருடத்துக் கிணற்றடி அதற்குள் இருக்கிறது. பேஸ்டின் நுரையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வருவதென்றால், குளிக்கப் போய்ச் சோப்போடு திரும்பி வருகிற கூச்சம். மனைவி இதற்கெல்லாம் மசியவில்லை. "அந்தப் பிள்ளை சொல்லுறதைச் சொல்லட்டும். நான் கொப்பளிப்பன்" என்று குழாயைத் திறந்துவிட்டாள். மருமகள் இதைக் கேட்டும் கேளாததுபோலக் கைபேசியில் தன் பற்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வில்லங்கம் இரவு. ஊரில் இரவு பல்லுத் தீட்டினால், "யாருக்குக் காட்டப் போறாய்?" என்று அக்கா கேட்பாள். இங்கே இரவுத் தீட்டல்தான் பெரியது. காலையோ வேறொரு நேரமோ இரண்டாவது. நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். பல்லில் ஒட்டின சீனியைக் கிருமிகள் அமிலமாக்கும்போது அதைக் கழுவி ஆற்ற ஆளில்லை. சீனி எவ்வளவு என்பதைவிட எத்தனை தரம் என்பதுதான் விஷயமாம். நான் 1986-இல் வந்து பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். பிளாஸ்கில் சீனி போட்ட தேத்தண்ணி, நித்திரை வராமலிருக்க மணிக்கொரு மிடறு. கையெட்டும் தூரத்தில் சொக்லேற் அடுக்கு. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து முதலாளியின் காசை விடியும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

அதன் கணக்கு இப்போது வாசிக்கப்படுகிறது. பல் வைத்தியர் முனையில் குண்டு வைத்த மெல்லிய கம்பியொன்றை முரசுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி ஆழம் பார்ப்பார். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம்: பூச்சியத்திலிருந்து நாலுவரை. பக்கத்தில் தாதி எழுதுவாள். "இரண்டு, மூன்று, மூன்று, நாலு..." எங்கள் ஆட்களுக்குப் புள்ளி கூடக்கூடச் சந்தோசம் என்று பழக்கம். இங்கே மூன்று என்றால் பல்லைச் சுற்றிக் குழி விழுந்துவிட்டது, நாலு என்றால் குழி 6 மில்லிமீற்றரை எட்டிவிட்டது. தீட்டும்போது இரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் இன்னும் கவனமாகத் தீட்ட வேண்டும் என்றார். அம்மாவின் கட்டளை நேர் எதிர்: இரத்தம் வந்தால் அந்தப் பக்கம் தொடாதே.

சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். ரெய்னர்ஸ் லேனில் ஒரு தமிழரைப் பார்த்து இப்படிக் கேட்பது, வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்பதற்குச் சமம். சீனி கூடினால் முரசு கரையும்; முரசில் அழற்சி நின்றால் சீனியும் இறங்க மறுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கிற சம்பந்திகள். சீனி வருத்தக்காரருக்கு இதைச் சொல்லி, பல் வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டும் என்று இங்கே மருத்துவ வழிகாட்டல்களை எழுதுகிற நைஸ் அமைப்பு 2022-இல் தன் வழிகாட்டலில் சேர்த்தது.

போகச் சொல்வது சுகம். புதிதாக ஆள் சேர்க்கிற என்.எச்.எஸ் பல் வைத்தியரைக் கண்டுபிடிக்க வேண்டுமே. 2024 பெப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்துச் சென்ட் போல்ஸ் பகுதியில் அப்படியொன்று திறந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் நீண்டு நின்றார்கள். பொலிஸ் வந்து வரிசையை ஒழுங்குபடுத்தியது. 1948-இல் இலவசமென்று தொடங்கிய சேவை. மூன்று வருடத்தில் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு கேட்கத் தீர்மானித்தார்கள். அதைக் கண்டித்து, அந்தச் சேவையைத் தொடங்கிவைத்த அனைரின் பெவன் மந்திரிப் பதவியையே விட்டார். பல்லுக்காக ஒரு மந்திரி பதவி துறப்பது வேறெங்கும் நடந்திருக்குமோ தெரியாது. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி, பரிசோதனைக்கு 27.40 பவுண், நிரப்புவதற்கும் பிடுங்குவதற்கும் 75.30, கிரீடம், பொய்ப்பல் என்று போனால் 326.70. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம்.

அந்த இலவச வயதுக்காரர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள்.

ஊரில் பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. அரிசிமாவுக்குள் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து மடித்து, விளிம்பைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி, சிலவற்றில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகச் செருகி அவிப்பார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, நகை, காசு என்று பரப்பி வைத்து, எதைத் தொடுகிறது என்று பார்ப்பது. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், ஒரு பின்னேரம், முடிந்தது.

பேத்திக்கு இங்கே செய்தோம். மண்டபம், அலங்காரம், ஒலிபெருக்கி, வீடியோ. பல் வடிவத்தில் மூன்று தட்டுக் கேக். பல்லுக்குக் கண்ணும் சிரிப்பும் வைத்திருந்தார்கள். மேசைக்கு மேசை யானை மார்க் நெக்டோ. வந்தவர்களுக்குத் திரும்பிப் போகையில் கொடுக்கப் பளபளக்கும் பையில் இனிப்பு. முன்பு புத்தகமும் பேனையும் இருந்த தாம்பாளத்தில் மடிக்கணினியும் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தன. பிள்ளை ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டதும் மண்டபம் எழுந்து கைதட்டியது. அது பிள்ளையின் முழங்காலுக்கு மிகக் கிட்ட வைக்கப்பட்டிருந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அத்தனை பேரில் ஒருவராவது அந்த ஒற்றைப் பல்லைத் தீட்ட வேண்டும் என்று சொல்லியிருப்பாரா? முதற்பல் தெரிந்த நாளிலிருந்தே இரண்டு நேரம் தீட்ட வேண்டும். மூன்று வயதுவரை ஃபுளோரைட் 1,000 பி.பி.எம்முக்குக் குறையாத பேஸ்டில் ஒரு பூச்சு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. குறைந்தது ஏழு வயதுவரை பெரியவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு வயதுக்குள் பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். 2022-இல் இங்கிலாந்தின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 23.7 சதவீதத்தினருக்குப் பல் சூத்தை இருந்தது. எங்களுக்குப் பக்கத்துப் பிரென்ட்டில் 46 சதவீதம். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிற அம்மாவின் வாக்கியம் பல மொழிகளில் அங்கே பேசப்படுவதாக ஊகிக்கிறேன்.

பெரியவர்களோ தெருவைச் சிவப்பாக்குகிறார்கள். 2025 கோடையில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து நோர்த் ஹாரோ வரை நடைபாதையெல்லாம் வெற்றிலைத் துப்பல் என்று குடியிருப்பாளர்கள் முறையிட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. வெற்றிலை பல்லை இறுக்கும் என்று அம்மம்மா கடைசிப் பல் விழுந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாக்குப் போட்ட வெற்றிலை, புகையிலை சேர்க்காவிட்டாலும், புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. அம்மம்மாவுக்குத் துப்பப் படிக்கம் இருந்தது. இவர்களுக்கு அலெக்சாண்ட்ரா அவெனியூ. பல்லைத் தீட்டி விட்டுத் துப்பு என்றால் கூச்சப்படுகிற அதே வாய்கள்.

இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இங்கே தனியாரிடம் சொன்ன விலையைக் கேட்டு, நான் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெற் போட்டேன். ஆவணியில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் நல்லூர்த் திருவிழாவுக்கும் மீதிப்பேர் பல்லுக்குமாகத்தான் விமானம் ஏறுகிறார்கள். வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறாள். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பனம்பழத்தால் துணி தோய்த்து, உமிக்கரிக்குத் திரும்பிப் போய், அதையும் தாண்டி வந்தவள். இப்போது கிணற்றுக்கு மோட்டர், கராம்பு மணக்கிற க்ளோகார்ட் பேஸ்ட். லண்டனிலிருந்து நான் என்ன கொண்டு வரவேண்டும் என்று கேட்டதற்கு, கூச்சத்துக்குப் பூசுகிற சென்சொடைன் நாலு குழாய் என்றாள்.

நகரத்தில் பல் வைத்தியர் பேராதனையில் படித்த இளம்பெண். என் வாய்க்குள் லைற் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா லண்டனோ? அங்க ஏன் கட்டுவிக்கேல்லை?" என்றார். பிரிஸ்டல் வரிசையைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை போலிருந்தது. வேலை முடிந்து எழும்பும்போது, "இரவில கட்டாயம் தீட்டுங்கோ. தீட்டிப்போட்டுத் துப்பினாப் போதும், கொப்பளிக்காதேங்கோ" என்றார்.

அக்கா வெளியே வாங்கில் குடையோடு இருந்தாள்.

"என்னவாம்?"

"எல்லாம் சரியாம். பல்லுத் தீட்டினாப் பிறகு கொப்பளிக்கக் கூடாதாம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உந்த வாயோட என்ர சாமியறைக்குள்ள வந்திடாத."